11 வயதில் ஃபேஷன் பைத்தியம்... 15 வயதில் பத்திரிகை ஆசிரியர்!

2010 ஜனவரி மாதம். பாரீஸ் நகரில் டியோர் நிறுவனத்தின் ஃபேஷன் ஷோ. உலகத்தின் பெரிய பெரிய பத்திரிகை ஆசிரியர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஷோக்களில் யார் எந்த வரிசையில் உட்காருகிறார் என்பதுதான் மரியாதை. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார்கூட அவ்வளவு கணக்குப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், முன்வரிசையில் 13 வயதுச் சிறுமி ஒருவர். சாம்பல் நிறச் சாயம் ஏற்றிய தலைமுடி. அதன் மேல், பிரிட்டனின் புகழ்பெற்ற தொப்பிக் கலைஞர் ஸ்டீபன் ஜோன்ஸ் செய்த ராட்சத ரிப்பன் முடிச்சு ஒன்று.

பின்னால் உட்கார்ந்திருந்த கிரேசியா பத்திரிகைக்காரருக்கு அந்த முடிச்சைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. அதைப் பின்னாலிருந்தே படம் எடுத்து, எரிச்சலோடு ட்விட்டரில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். மேடையில் நடந்த உடைகளைவிட அந்தத் தொப்பிதான் அதிகம் பேசப்பட்டது. 'இந்தச் சின்னப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை?' என்று ஒரு கோஷ்டி. 'பார்க்க விடுங்களேன்' என்று இன்னொரு கோஷ்டி. அதே தொப்பியை ஒரு நடிகை போட்டு வந்திருந்தால் அட்டைப்படத்துக்குக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தச் சிறுமி மாடல் இல்லை, நடிகையும் இல்லை. அமெரிக்காவில், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் என்ற ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். பெயர் டாவி கெவின்சன்.

ஃபைல் நிறையப் படங்கள்

டாவி பிறந்தது 1996 ஏப்ரலில். மூன்று பெண்களில் கடைக்குட்டி. அப்பா உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். நார்வேயிலிருந்து வந்த அம்மா, தறியில் சித்திரத் துணி நெய்பவர். ஆக, இரண்டு வகை நூலுக்கும் அந்த வீட்டில் பஞ்சமில்லை.

2008-ல், 11 வயதில், தோழி ஒருத்தியின் அக்கா இணையத்தில் எழுதுவதைப் பார்த்துத் தானும் ஒரு பக்கம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்டைல் ரூக்கி'. ரூக்கி என்றால் கத்துக்குட்டி. முதல் நாள் எழுதியது சில வரிகள்தான். சமீபகாலமாக ஃபேஷனில் ஆர்வம் வந்திருக்கிறது. மாடல்களின் படங்களையும் உடைகளின் படங்களையும் சேர்த்து ஃபைல் போட்டு வைக்கப் பிடிக்கும். நல்ல பத்திரிகைகள் தெரிந்தால் சொல்லுங்கள். இவ்வளவுதான் விஷயம்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. அந்த வயதுப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இப்படித்தான். நேற்று வரை அம்மா எடுத்துக்கொடுத்த சட்டையைப் பேசாமல் மாட்டிக்கொண்டு போன பெண், திடீரென்று ஒருநாள் கண்ணாடி முன் அரை மணி நேரம் நிற்பாள். எது எதனோடு சேரும், எது சேராது என்று அவளுக்கு ஒரு சட்டம் உருவாகிவிடும். பழைய பத்திரிகையில் ஓட்டைகள் விழும். பெரியவர்களுக்கு அப்போது வரும் கவலைகள் இரண்டு. படிப்பு என்னாகும், பணம் என்னாகும்?

டாவி விஷயத்தில் இரண்டு கவலைக்கும் பெரிய வேலை இருக்கவில்லை. அவர் அணிந்தவற்றில் பலவும் பழைய துணி விற்கும் கடைகளில் பொறுக்கியவை. பாட்டிமார் போடுகிற கம்பளி மேல்சட்டை, ஒன்றோடு ஒன்று ஒட்டாத நிறங்கள், பெரிய மூக்குக்கண்ணாடி. ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, வீட்டுக் கொல்லையில் நின்று தன்னைத்தானே படம் எடுத்துப் போடுவார். அந்தப் படங்களில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற முயற்சியே இருக்காது. சில நாள் உடை ஒரு சினிமாவிலிருந்து பிறந்திருக்கும். சோஃபியா கொப்போலா இயக்கிய 'தி வர்ஜின் சூசைட்ஸ்' அவருக்கு மிகவும் பிடித்த படம். அதன் நிறங்களும் மனநிலையும் அவர் உடையில் வந்து உட்காரும்.

படத்தை வெட்டி ஒட்டுவதோடு அவர் நிற்கவில்லை. இது எனக்கு ஏன் பிடித்தது, இந்த டிசைனர் போன வருஷம் என்ன செய்தார், இந்த வருஷம் ஏன் இப்படி மாறினார் என்று எழுதினார். நடுநடுவே கிண்டல். பெரும்பாலும் தன்னையே. ஃபைல் போடுகிற பிள்ளைகள் ஆயிரம் பேர் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'ஏன்' என்று எழுதியதுதான் டாவியைத் தனியாகக் காட்டியது.

வேடிக்கை என்னவென்றால், இதெல்லாம் முதலில் அப்பாவுக்குத் தெரியாது. நியூயார்க் டைம்ஸின் இதழுக்குப் பேட்டி கொடுக்க அனுமதி வேண்டும் என்று மகள் வந்து நின்றபோதுதான், வீட்டுக்குள் இப்படி ஒரு காரியம் நடப்பதே தெரிந்தது. பிறகு ஃபேஷன் ஷோக்களுக்குத் துணையாகப் போனதும் அதே அப்பாதான். நவநாகரிகக் கூட்டத்தின் நடுவே ஓர் ஆங்கில வாத்தியார்!

புடைத்த உடையும் ஒரு பள்ளிச் சிறுமியும்

டாவிக்குப் பிடித்தவர் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ஜப்பானைச் சேர்ந்த ரெய் கவாகுபோ. 'கொம் தே கார்சோன்' என்ற நிறுவனத்தை 1969-ல் டோக்கியோவில் தொடங்கியவர். தையலோ உடை வடிவமைப்போ பள்ளியில் படித்தவர் அல்ல. கல்லூரியில் கற்றது கலையும் இலக்கியமும். 1981-ல் பாரீஸுக்கு வந்தார். பளபளப்பும் இடுப்பு வளைவும்தான் ஃபேஷன் என்றிருந்த ஊரில் கறுப்பு உடைகளாக இறக்கினார். வேண்டுமென்றே ஓட்டை விழுந்ததுபோல் பின்னிய ஸ்வெட்டர்களையும் செய்தார். கிழிசல் என்று சிரித்தவர்கள் உண்டு.

1997 கோடைக்காலத்துக்காக அவர் செய்த உடைகள் இன்னும் பிரசித்தம். கட்டம் போட்ட சாதாரணத் துணிதான். ஆனால், உள்ளே பஞ்சு மெத்தைபோல் திணித்து, முதுகில் ஒரு புடைப்பு, இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் ஒரு மேடு, தோளில் ஒரு கட்டி என்று அமைத்திருந்தார். உடம்பை ஒல்லியாகக் காட்டுவதுதானே உடையின் வேலை என்று நம்பியிருந்தவர்களுக்கு அதிர்ச்சி. 'உடம்பு என்றால் இந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?' என்று துணியே கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

12 வயதுப் பெண்ணுக்கு இது ஏன் பிடிக்க வேண்டும்? உடம்பு மாறிக்கொண்டிருக்கும் வயது அது. பார்க்கிறவர்கள் எல்லாம் ஏதாவது சொல்லும் வயது. குண்டு, ஒல்லி, கறுப்பு, குட்டை. அந்த நேரத்தில் 'அழகாக இருக்கிறேனா?' என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, 'என்ன நினைக்கிறேன்?' என்று உடுத்தலாம் என ஒருவர் காட்டினால், அது பெரிய விடுதலை. டாவி கவாகுபோவைப் பற்றி ராப் பாட்டு எழுதிப் பாடி வீடியோவே போட்டார். 2009 இறுதியில் அந்த நிறுவனம் அவரை டோக்கியோவில் நடந்த விருந்துக்கு அழைத்தது.

அந்த வருடமே வேறு பல கதவுகளும் திறந்தன. 'பாப்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகையின் அட்டையில் டாவி வந்தார். ரொடார்ட்டே சகோதரிகள், சாதாரண மக்கள் வாங்கும் விலையில் ஒரு கடைக்காகச் செய்த உடைகளின் விளம்பரப் படத்தில் தோன்றினார். 'ஹார்பர்ஸ் பஜார்' அவரிடம் கட்டுரை கேட்டு வாங்கியது.

கூடவே வந்தது சந்தேகம். இவ்வளவு தெளிவாக எழுதுவது நிஜமாகவே அந்தச் சிறுமிதானா, இல்லை, பின்னால் அம்மாவோ அக்காவோ இருக்கிறார்களா என்று பத்திரிகைகளே எழுதின. ஃபேஷன் இதழ்களில் பல வருடம் வேலை பார்த்தவர்கள், இது வெறும் கவர்ச்சி உத்தி என்றார்கள். ஒரு 13 வயதுப் பையன் செஸ் போட்டியில் பெரியவர்களை ஜெயித்தால் 'மேதை' என்போம். 13 வயதுப் பெண் துணியைப் பற்றி யோசித்து எழுதினால் 'யார் எழுதிக் கொடுத்தது?' என்று கேட்பார்கள். துணி என்றாலே அற்பம், பெண் பிள்ளை என்றாலே அரைகுறை என்ற பழைய கணக்குதான்.

'டீனா' என்ற கற்பனைப் பெண்

14 வயதாகும்போது டாவியின் கவனம் மெல்ல நகர்ந்தது. உடைகளைவிட, உடைகளைக் காட்டும் பத்திரிகைகள் மேல் அவர் பார்வை விழுந்தது. பெண் பிள்ளைகளுக்கு என்று வரும் இதழ்கள் ஏன் இப்படிப் பேசுகின்றன? முகப்பருவைப் போக்க, இடுப்பைக் குறைக்க, பையனின் மனதைக் கவர என்று ஏன் எப்போதும் பிள்ளையிடம் ஏதோ ஒரு குறை இருப்பதாகவே ஆரம்பிக்கின்றன?

இதற்குப் பதில் தேட 1944-க்குப் போக வேண்டும். அந்த வருடம் செப்டம்பரில் அமெரிக்காவில் 'செவன்டீன்' இதழ் வந்தது. முதல் ஆசிரியர் ஹெலன் வாலன்டைன். விலை 15 சென்ட். முதல் இதழின் 4 லட்சம் பிரதிகள் சில நாட்களிலேயே தீர்ந்தன. டீன் ஏஜ் பெண்களைக் குழந்தையாகவும் நடத்தாமல், குட்டி மனைவியாகவும் நடத்தாமல், யோசிக்கத் தெரிந்த பெண்ணாக நடத்த வேண்டும் என்பது வாலன்டைனின் ஆசை. அரசியலும் புத்தகமும் வேலைவாய்ப்பும் அதில் இடம்பெற்றன. பின்னாளில் பெரும் கவிஞராகப் புகழ்பெற்ற சில்வியா பிளாத், பள்ளி நாட்களில் இந்த இதழுக்குக் கதை அனுப்பி அனுப்பித் திரும்ப வாங்கியவர். சளைக்காமல் அனுப்பியதில் 1950 ஆகஸ்ட் இதழில் ஒரு கதை அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 17!

ஆனால், பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும். பணம் விளம்பரத்திலிருந்து வர வேண்டும். 'பள்ளிக்கூடப் பெண்ணிடம் காசு ஏது? அவளுக்கு எதற்கு விளம்பரம்?' என்று கேட்ட கம்பெனிகளுக்குக் காட்டுவதற்காக, செவன்டீன் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. அதிலிருந்து 'டீனா' என்று ஒரு கற்பனைப் பெண்ணை உருவாக்கியது. டீனாவுக்கு இத்தனை வயது, கைச்செலவுக்கு இவ்வளவு கிடைக்கும், அவள் தோழிகள் வாங்குவதைத்தான் அவளும் வாங்குவாள், அம்மா என்ன வாங்க வேண்டும் என்பதைக்கூட அவள்தான் தீர்மானிப்பாள். இப்படி விளம்பரதாரர்களிடம் டீனா விற்கப்பட்டாள். ஒரே பெண், உள்பக்கத்தில் வாசகி. விளம்பர இலாகாவில் சரக்கு. டீன் ஏஜ் பத்திரிகைகளின் பிற்கால வரலாறு முழுக்க இந்த இரண்டு டீனாக்களின் இழுபறிதான் என்று சொல்லலாம்.

1988-ல் வந்த 'ஸாஸி' வாசகியின் பக்கம் நின்று பார்த்தது. ஆசிரியர் ஜேன் பிராட்டுக்கே அப்போது இருபதுகளின் நடு வயதுதான். தோழி பேசுவதுபோல் எழுதினார்கள். பெண் பிள்ளைகள் வீட்டில் கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார்கள். அதைக் கண்டித்து மத அமைப்புகள் புறக்கணிப்புப் போராட்டம் நடத்த, விளம்பரங்கள் கழன்றுகொண்டன. தட்டுத்தடுமாறி, கை மாறி, 1996-ல் நின்றே போனது. டாவி பிறந்த அதே வருடம். ஆகவே, ஸாஸியை டாவி படித்தது பழைய இதழ்களாகத்தான். படித்துவிட்டு, 'என் வயதுக்காரர்களுக்கு இப்படி ஒன்று இப்போது ஏன் இல்லை?' என்று எழுதினார். ஜேன் பிராட்டே தொடர்புகொண்டு பேசினார்.

பள்ளி விட்டதும் ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, தூங்கும் முன் ஒன்று

2011 செப்டம்பரில் 'ரூக்கி' பிறந்தது. இணைய இதழ். ஆசிரியர், 15 வயது டாவி. எடிட்டிங், கணக்கு வழக்கு எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் உதவிக்கு இருந்தாலும், எது வரலாம், எது வரக்கூடாது என்பது அவர் முடிவு. ஒரு வாரத்துக்குள் 10 லட்சம் முறை பக்கங்கள் பார்க்கப்பட்டன.

அந்த இதழின் கால அட்டவணையைப் பார்த்தாலே, நடத்துவது ஒரு பள்ளி மாணவி என்று புரிந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று பதிவுகள். பள்ளி விட்டு வரும் நேரத்தில் ஒன்று, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, தூங்கப் போகும்முன் ஒன்று. அத்தோடு சரி. ஸ்க்ரோல் செய்யச் செய்ய முடியவே முடியாத இன்றைய திரையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு கருப்பொருள் எடுத்துக்கொண்டு கட்டுரைகள், படங்கள், பாட்டுப் பட்டியல்கள் எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைத்தார்கள்.

ரூக்கியில் ஃபேஷன் இருந்தது. போட்டோக்கள் இருந்தன. ஆனால், எடுத்தவர்களிலும் படத்தில் நின்றவர்களிலும் நிறையப் பேர் அதே வயதுப் பெண்கள். பருவும் தழும்பும் அப்படியே தெரியும். 'அழுத முகம் தெரியாமல் ஐந்து நிமிடத்தில் சரிசெய்வது எப்படி?' என்று ஒரு கட்டுரை வந்தது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, உடனே வெளியே வந்து சிரிக்க வேண்டியிருந்த எந்தப் பெண்ணுக்கும் அதன் அருமை தெரியும். மேக்கப் குறிப்புதான். ஆனால், 'ஏன் அழுதாய், நல்ல பெண் அழலாமா?' என்று கேட்காத மேக்கப் குறிப்பு.

வாசகிகள் எழுதினார்கள், வரைந்தார்கள், படம் எடுத்தார்கள். பிரபலங்களும் எழுதினார்கள்தான். இரண்டுக்கும் ஒரே மரியாதை. வருடத்தின் நல்ல பகுதிகளைத் தொகுத்து அச்சுப் புத்தகமாகவும் போட்டார்கள். அப்படி நான்கு தொகுப்புகள் வந்தன. படம் வெட்டி ஒட்டிய அந்தப் பழைய ஃபைலின் சாயல் அந்தப் பக்கங்களில் நன்றாகவே தெரியும்.

பெண் பிள்ளைகள் பத்திரிகைகளோடு வாதாடத் தொடங்கிய காலம் அது. 2012-ல் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த 14 வயது பாலே நடன மாணவி ஜூலியா புளூம், தன் வகுப்புத் தோழிகள் 'நான் குண்டு, நான் குண்டு' என்று புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, செவன்டீன் இதழுக்கு ஒரு கோரிக்கை வைத்தார். மாதத்துக்கு ஒரே ஒரு போட்டோ தொகுப்பையாவது, கம்ப்யூட்டரில் கை வைக்காமல் அப்படியே போடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 84,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். இதழின் நியூயார்க் அலுவலக வாசலில் சிறுமிகள் பதாகை பிடித்தார்கள். பெண்களின் முக வடிவத்தையோ உடல் வடிவத்தையோ மாற்ற மாட்டோம் என்று ஆகஸ்ட் இதழில் செவன்டீன் உறுதிமொழி அச்சிட்டது. டீனா தன் விளம்பரதாரர்களைத் தாண்டி, நேராக ஆசிரியரிடம் பேசிவிட்டாள்!

டாவி பள்ளிப் படிப்பை முடித்தது 2014-ல். அந்த வருடமே நியூயார்க் போய், பிராட்வே நாடகத்தில் நடித்தார். படிப்பு என்னாகும் என்று கவலைப்படுபவர்களுக்காக இந்தத் தகவல்.

விற்க மனமில்லை

2018 நவம்பர் இறுதியில் ரூக்கியை நிறுத்துவதாக டாவி அறிவித்தார். காரணத்தை மறைக்காமல் ஆறு பக்கத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார். பணம்தான். விளம்பர வருமானம் பெரிய சமூக வலைதளங்களின் பக்கம் போய்விட்டது. முதலீட்டாளர்களைச் சேர்க்கலாம், பெரிய நிறுவனத்துக்கு விற்கலாம், வாசகிகளிடம் சந்தா கேட்கலாம். ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, எதுவும் ரூக்கியை ரூக்கியாக விட்டுவைக்காது என்ற முடிவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 22. 'டீன் வோக்' இதழ் அதற்கு முந்தைய வருடமே அச்சை நிறுத்தியிருந்தது. செவன்டீனும் 2018 இறுதியில், சிறப்பிதழ்கள் மட்டுமே அச்சில் வரும் என்று சுருங்கிப்போனது.

ஆக, இன்று 13 வயதில் உடை மேல் ஆர்வம் வரும் பிள்ளைக்குப் பத்திரிகை கிடையாது. ஃபோன் இருக்கிறது. அதில் ஆசிரியர் கிடையாது. எந்தப் படத்தில் விரல் எவ்வளவு நேரம் நின்றது என்று எண்ணுகிற இயந்திரம் இருக்கிறது. டீனாவைப் பற்றி 1945-ல் கருத்துக்கணிப்பு எடுத்துத் தெரிந்துகொண்டதை, இப்போது நொடிக்கு நொடி தெரிந்துகொள்கிறார்கள். அன்று டீனா கற்பனைப் பெண். இன்று நிஜப் பெண், பெயரோடும் முகத்தோடும்.

டாவியும் இதற்குத் தப்பவில்லை. 2019-ல் நியூயார்க் இதழில், இன்ஸ்டாகிராம் இல்லாவிட்டால் தான் யாராக இருந்திருப்பேன் என்று தன்னையே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒரு புது அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகையில்லாமல் குடியிருந்து, பதிலுக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றித் தன் பக்கத்தில் படம் போட்டதைக்கூட அதில் ஒளிக்காமல் சொன்னார். பத்திரிகையை விற்க மறுத்தவர், தன் படுக்கையறை ஜன்னலை விளம்பரத்துக்குக் கொடுத்திருந்தார். இதில் குற்றம் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால், 11 வயதிலிருந்து மொத்த உலகமும் பார்க்க வளர்ந்த ஒருவர், எந்த இடத்தில் தன் ரசனை முடிந்து வியாபாரம் தொடங்கியது என்று தானே உட்கார்ந்து கோடு போட்டுப் பார்ப்பது சுலபமில்லை.

2024-ல், ஒரு சிறு இதழைத் தானே எழுதி வெளியிட்டார். விஷயம், பாடகி டெய்லர் ஸ்விஃப்டும் ரசிகையாக இருப்பதும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று இணையத்தில் வைத்தார். கொஞ்சம் பிரதிகளைக் காகிதத்திலும் அச்சிட்டார்.